சினை நிற்காத மாடு

கறிக்காக மாடு வளர்ப்பதாக எங்கள் பகுதியில் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் யாரைக் கேட்டாலும் உழவுக்கு, வண்டிக்கு, எருவுக்கு, பாலுக்கு, இனத்தைக் காப்பாற்ற என்றுதான் பதில் வரும். கவலை இறைத்த காலத்தில் அது உண்மைதான். கிணற்றிலிருந்து தோல்பறியில் தண்ணீர் இழுக்கக் காளை வேண்டியிருந்தது. அந்தப் பறியைத் தைக்க எங்கள் ஆட்கள் வேண்டியிருந்தார்கள். மின்மோட்டார் வந்து இரண்டு தரப்பையும் ஒன்றாக வேலையிலிருந்து நிறுத்தியது. டிராக்டர் வந்த பிறகு ஆண்கன்றுக்கு உழவிலும் இடமில்லாமல் போயிற்று. இன்று வேண்டாத ஆண்கன்றுகளும், வயதான பசுக்களும், சினை நிற்காத பசுக்களும் கட்டுத்தரையிலிருந்து போகிற வழி ஒன்றுதான். முதலில் சந்தை, பிறகு லாரி, பிறகு பாலக்காட்டுக் கணவாய். பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புதிதல்ல. வாங்குகிறவரும் விற்கிறவரும் அங்கே மாட்டை எடைபோட்டுப் பார்க்கும் பார்வையிலேயே தெரிந்துவிடும். எங்கள் ஊர் மந்தையும் கறிமாட்டு மந்தைதான். வாயைத் திறந்து ஒப்புக்கொள்ளாத மந்தை என்பது மட்டுமே வித்தியாசம்.

அம்மா அப்படியொரு மந்தையை முப்பது ஆண்டுக்கு மேல் பார்த்துக்கொண்டார். மந்தை அவருடையதல்ல. நாங்கள் அருந்ததியர், மாடும் கொறங்காடும் கவுண்டர் வீட்டுடையவை. மாதத்துக்கு இத்தனை வள்ளம் கம்பு, கொஞ்சம் பணம், பண்டிகைக்கு ஒரு சேலை. அதுதான் கூலி. கால்நடைக் கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போதெல்லாம் எங்கள் வளவில் ‘மாடு எத்தனை?’ என்ற கேள்விக்கு ‘இல்லீங்க’ என்று பதில் சொல்வோம். அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பண்ணாடி வீட்டுக் கணக்கில் பதினெட்டு உருப்படி ஏறும். (அந்த வீட்டுப் பொடியன்கூட அம்மாவை ‘வா, போ’ என்றுதான் கூப்பிடுவான். எழுத உட்கார்ந்தால் எனக்கு ‘அம்மா சொன்னாள்’ என்று வராததற்கு அதுதான் காரணம். தமிழ்த்துறை நண்பர்கள் இதை இலக்கண மரியாதை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.)

மாட்டின் ஆண்டு சித்திரையில் பிறப்பதில்லை, மழையில் பிறக்கிறது. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் எங்களுக்கு மழை, அதிலும் பெரும்பங்கு புரட்டாசிக்கும் கார்த்திகைக்கும் நடுவில். அந்த மழையை நம்பித்தான் கொறங்காடு என்கிற ஏற்பாடே இருக்கிறது. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். காட்டைத் துண்டு துண்டாக வேலி கட்டிப் பிரித்து, ஒன்றில் மேய்ந்து முடித்ததும் அடுத்ததற்கு மாற்றுவார்கள். எந்தத் துண்டில் புல் எவ்வளவு எழும்பியிருக்கிறது, எப்போது மாட்டை விட்டால் தூர் அழியாமல் மேயும் என்பதைத் தினமும் படலைத் திறந்து மூடுகிற ஆளுக்குத்தான் சொல்லத் தெரியும். படல் திறந்தது அம்மா. காங்கயம் மாட்டினத்தைப் பற்றிய எழுத்துகளில் பழையகோட்டைப் பட்டக்காரரின் பெயர் தவறாமல் வரும். இனத்தை மேம்படுத்தியதில் அவருக்குப் பங்கு உண்டுதான். ஆனால் எந்த எழுத்திலும் படல் திறந்த ஒரு பெண்ணின் பெயரை நான் பார்த்ததில்லை. எங்கள் வளவிலேயே அப்படி ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

முதல் மழைக்குப் பிறகு புல் துளிர்க்கிற சமயத்தில்தான் கன்று ஈனுவதும் அதிகம். மார்கழியில் சினை பிடித்த பசு ஒன்பதரை மாதம் சுமந்து புரட்டாசி, ஐப்பசியில் இறக்கும். அந்த மாதங்களில் அம்மா ராத்திரியில் வீட்டில் இருக்கமாட்டார். கட்டுத்தரை ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார். மடி இறங்கிவிட்டதா, வாலடியில் எலும்பு இளகிக் குழி விழுந்திருக்கிறதா, மாடு தனியாக ஒதுங்கி நின்று திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கிறதா என்று கவனிப்பார். எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒருநாள் ராத்திரி சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது அரிக்கேன் வெளிச்சத்தில் அம்மாவின் வலதுகை முழங்கை வரை மாட்டுக்குள் இருந்தது. கன்றின் முன்னங்கால் ஒன்று மடங்கிக்கொண்டிருக்கிறது என்று பிற்பாடு சொன்னார். கையை உள்ளே விட்டு, மாடு முக்காத இடைவெளியில் கன்றைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, மடங்கிய காலின் குளம்பை உள்ளங்கையில் பொத்திக் கருப்பையைக் கிழிக்காமல் நிமிர்த்தி, பிறகு மாடு முக்குகிறபோது மட்டும் இழுக்க வேண்டும். முக்காதபோது இழுத்தால் பசு போய்விடும். இதையெல்லாம் அம்மா யாரிடம் கற்றார் என்று கேட்டிருக்கிறேன். “எங்கம்மா கையப் புடிச்சு உள்ள உட்டுக் காமிச்சா” என்றார்.

கன்று விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையை விரலால் வழித்து, வைக்கோலால் உடம்பைத் தேய்த்து, தாயை நக்கவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைத்துவிட வேண்டும். நஞ்சு விழும்வரை காத்திருக்க வேண்டும்; நாய் இழுத்துவிடக் கூடாது. விழுந்த நஞ்சைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்று நம்பிக்கை. கட்டுவது ஆண்கள். அதுவரைக்கும் உள்ளதெல்லாம் அம்மா.

கன்றை இழுத்த அந்தக் கை பால் கறக்கக் கூடாது. அந்த வீட்டில் அது சட்டம். பால் சொம்பை அம்மா தொட்டுவிட்டால் பாலைக் கொட்ட வேண்டும். ஈன்ற பசுவின் மடிக்குள் பால் இருக்கும்வரை அது அம்மாவின் பொறுப்பு. காம்பிலிருந்து சொம்பில் விழுந்த நொடியிலிருந்து பண்ணாடிச்சியின் பொறுப்பு. கறந்து முடித்துப் பண்ணாடிச்சி எழுந்ததும் அம்மா போய்க் கன்றை அவிழ்ப்பார். இரண்டு பெண்கள் ஒரே பசுவின் இரண்டு பக்கமும் நாள் தவறாமல் இரண்டு வேளை நின்றிருக்கிறார்கள். அம்மாவுக்குக் காபி கொட்டாங்கச்சியில்தான் வரும்.

முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சங்கப் பாடல்களைப் படித்த காலத்தில் ‘புனிறு’ என்ற சொல்லில் வெகுநாள் நின்றுவிட்டேன். ஈன்றதன் அணிமை என்று உரையாசிரியர்கள் பொருள் சொல்கிறார்கள். அந்த ஒரே சொல்லைப் பழந்தமிழ் பசுவுக்கும் பயன்படுத்துகிறது, பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் பயன்படுத்துகிறது. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் சிலர் முகம் சுளிப்பார்கள், பெண்ணை மாட்டோடு வைத்துவிட்டான் பாருங்கள் என்று. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஈன்ற வயிற்றின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த யாரோ ஒருத்தியின் வாயில் பிறந்த சொல்லாகத்தான் அது எனக்குப் படுகிறது.

நஞ்சு பற்றிச் சொல்ல இன்னொன்று இருக்கிறது. அம்மாவுக்கு ஆண்டில் இரண்டு மூன்று தடவை காய்ச்சல் வரும். சாயங்காலம் ஏறும், ராத்திரி வேர்த்துக் கொட்டி இறங்கும், இடுப்பும் மூட்டும் விட்டுப்போகும். பத்து நாள் கழித்துத் தானாக நின்று, பிறகு திரும்ப வரும். டைபாய்டு என்று மாத்திரை கொடுப்பார்கள், மலேரியா என்று ரத்தம் எடுப்பார்கள். புருசெல்லா என்கிற கிருமி மாட்டுக்குக் கன்று வீசுதலை உண்டாக்கும்; கன்று வீசிய மாட்டின் நீரிலும் நஞ்சிலும் அது நிறைந்திருக்கும்; வெறுங்கையால் தொடுகிறவருக்குத் தொற்றும்; மனிதருக்கு வந்தால் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும்தான் அறிகுறி. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது அம்மா மாட்டு வேலையை விட்டே சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மாவுக்கு இருந்தது அதுதானா என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் அத்தனை ஆண்டுகளில் அவர் கையைப் பிடித்து நாடி பார்த்த ஒருவர்கூட, ‘நீ என்ன வேலை செய்கிறாய்? மாட்டுக்குப் பிரசவம் பார்ப்பாயா?’ என்று கேட்டதில்லை. 2019இல் ஒன்றிய அரசு தொடங்கிய நோய்த் தடுப்புத் திட்டத்தில் நான்கு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குட்பட்ட கிடாரிக் கன்றுகளுக்குப் புருசெல்லாத் தடுப்பூசி போடுகிறார்கள். நல்ல காரியம். கன்று இழுக்கும் பெண்களுக்கு முழங்கை வரைக்குமான ஒரு ஜோடி கையுறையை அதே வண்டியில் கொண்டுவந்து கொடுத்தால் என்ன செலவாகிவிடும் என்று எனக்குத் தெரியவில்லை.

மழை நின்றால் உண்ணிக் காலம். காதுக்குள், வாலடியில், மடிச் சந்தில் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெய் ஊற்றிய கொட்டாங்கச்சியில் போடுகிற வேலை எங்களைப் போன்ற பிள்ளைகளுடையது. கோமாரி வந்தால் தேங்காயும் கருப்பட்டியும் சீரகமும் வெந்தயமும் அரைத்து மாட்டின் நாக்கில் தடவுவதும், குளம்புப் புண்ணில் புழு வைத்தால் சீத்தா இலையை அரைத்துக் கட்டுவதும் அம்மாவுடையது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடுகிறார்கள், கோமாரி அந்த அளவுக்கு வருவதில்லை.

மார்கழியில்தான் மந்தைக்குக் கண் அதிகம் வேண்டும். பசு பருவத்துக்கு வருவது இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை. பருவம் நிற்பது ஒரு நாளுக்கும் குறைவு. விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் பார்த்தால்தான் பிடிபடும். கத்தும், தீனி குறையும், மற்ற மாட்டின் மேல் தாவும், கண்ணாடி போலக் கோழை வழியும். சில மாடு ஒன்றும் காட்டாது, ஊமைப் பருவம். அதையும் அம்மா கண்டுபிடித்துவிடுவார். “அது நிக்கற நெலயே வேற மாதிரி இருக்கும்” என்பார். காலையில் பருவம் தெரிந்தால் சாயங்காலம், சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை ஊசி போட வேண்டும். ஊசி போடுகிறவர் வந்து பண்ணாடியைப் பார்த்துக் கேட்பார்: “எப்பங்க கத்துச்சு?” பண்ணாடி திரும்பி வாசற்படியில் நிற்கும் மனைவியைப் பார்ப்பார். பண்ணாடிச்சி திரும்பி வெளியே நிற்கும் அம்மாவைப் பார்ப்பார். அம்மா, “நேத்துப் பொழுதோடங்க, வெளக்கு வெக்கற நேரத்துக்கு” என்பார். அது பண்ணாடிச்சி வாய்வழியாகப் பண்ணாடிக்குப் போய், பண்ணாடி அதை ஊசிக்காரரிடம் சொல்வார். அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். நாலு பேரும் பத்தடி தூரத்துக்குள்தான் நிற்பார்கள்.

தையில் சோளம் அறுத்துத் தட்டைக் கட்டிப் போர் போடுவார்கள். அறுத்த காட்டில் ஒரு மழை விழுந்துவிட்டால் கட்டையிலிருந்து துளிர் வரும், பார்க்கப் பசேலென்று இருக்கும், அதில் விஷம். தின்ற மாடு வயிறு ஊதி மூச்சு வாங்கி அங்கேயே விழும். அந்த ஒரு மாதம் மாட்டைச் சோளக்காட்டுப் பக்கம் போகவிடாமல் மறிப்பதே பெரும்பாடு. பட்டிப்பொங்கலுக்கு முந்தின நாள் அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் கட்டுத்தரையைக் கூட்டி, ஆண்டுக் குப்பையை எருக்குழிக்குச் சுமந்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவி வைப்பார்கள். மறுநாள் மஞ்சள் தண்ணீர் தெளித்து அதே இடத்தைச் சுத்தம் செய்வார்கள். கொம்புக்கு வர்ணம் அடிப்பது ஆண்கள், பொங்கல் வைப்பது வீட்டுப் பெண்கள். ஆண்டில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் அம்மா நின்ற இடத்தில் அன்றைக்கு மட்டும் அம்மா நிற்கக் கூடாது. வேலிக்கு வெளியே பாத்திரத்தோடு நின்றால் பொங்கல் கிடைக்கும். “மாடு என்னையத் திரும்பிப் பாக்கும், பாத்துட்டுக் கத்தும். மானம் போயிரும்” என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார்.

மாசியில்தான் கணக்குத் தீர்ப்பது. கோடைக்கு இருக்கிற தட்டுப்போர் எத்தனை மாட்டுக்கு வரும் என்று பார்த்து, மீதியைக் கழிக்க வேண்டும். பல் தேய்ந்தது, காம்பு அடைத்தது, ஊசி போட்டும் சினை நிற்காதது. முதல் இரண்டும் யாருக்கும் தெரியும். மூன்றாவதை அம்மாவிடம் கேட்டாக வேண்டும். பண்ணாடி கட்டுத்தரைக்கு வந்து நின்று ஒவ்வொரு மாடாகக் கையைக் காட்டுவார். “இது?” “செனைங்க.” “இது?” “நிக்கிலீங்க.” மந்தையிலிருந்து எது சந்தைக்குப் போகும் என்பது அந்தப் பதிலில் இருந்தது. அம்மாவுக்குக் கிடைத்த ஒரே அதிகாரம் அதுதான். அதுவும் கொல்கிற அதிகாரம்.

அந்த மந்தையில் மயிலைப் பசு ஒன்று இருந்தது. ஒன்பது ஈத்து முடித்தது. நான் பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டு அதற்கு மூன்று முறை ஊசி போட்டும் நிற்கவில்லை. மாசியில் பண்ணாடி கையைக் காட்டியபோது அம்மா, “மூணு மாசச் செனைங்க” என்றார். ஊசி போட்ட கணக்கு அவருக்கு நினைவில் இருந்திருக்க வேண்டும். சந்தேகமாக வாசற்பக்கம் திரும்பினார். பண்ணாடிச்சி இரண்டு வேளையும் அந்த மாட்டோடு இருப்பவர். அது சினை இல்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். “ஆமா, நானும் பாத்தேன். செனைதான்” என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவருக்குக் கல்யாணமாகி ஒன்பது ஆண்டுகள் பிள்ளை இல்லாமல் இருந்ததும், மாமியார் இரண்டாவதாக ஒரு பெண் பார்க்கத் தொடங்கியதும், அந்த ஆண்டுகளில் அவரைப் பற்றி ஊர் பேசிய சொற்களும் எங்கள் வளவு வரைக்கும் தெரிந்த கதை. நம் மொழி இந்த விஷயத்தில் மாட்டுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு சொல் வைத்துக்கொள்ளவில்லை. மலடு, வறடு, காய்ப்பு நின்றது. அவர் அதை நினைத்துத்தான் சொன்னாரா என்பதை யார் போய்க் கேட்பது? அம்மாவும் அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமும் காபி கொட்டாங்கச்சியில்தான் வந்தது. பெண்களுக்குள் இயல்பாக இருக்கும் ஒற்றுமை என்று மேடையில் யாராவது பேசும்போது எனக்கு அந்தக் கொட்டாங்கச்சி நினைவுக்கு வரும். அப்படியெல்லாம் ஒன்றுமே கிடையாது என்று யாராவது அடித்துப் பேசும்போது அந்த ‘ஆமா, நானும் பாத்தேன்’ நினைவுக்கு வரும்.

மயிலைக்கு ஒரு கோடை கூடுதலாகக் கிடைத்தது. வெள்வேலங்காய் உதிர்கிற காலம். மரத்தடியில் நின்று பொறுக்கித் தின்றது. ஆடியில் வயிறு வெறும் வயிறு என்று குருடனுக்கும் தெரிந்துவிட்டது. கரு கலைந்திருக்கும் என்று பண்ணாடிச்சி சொன்னார். தரகர் வந்து, துண்டைப் போட்டுக்கொண்டு, துண்டுக்கு அடியில் பண்ணாடியின் விரல்களைப் பிடித்து விலை பேசினார். எங்கள் பக்கத்தில் மாடு வியாபாரம் அப்படித்தான். பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூட விலை தெரியாது. விற்ற மாட்டோடு கயிறு போகக் கூடாது என்பது வழக்கம். பண்ணாடி பழைய கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டார், தரகர் புதுக்கயிறு மாட்டினார்.

ஏன் அப்படிப் பொய் சொன்னாய் என்று நான் வளர்ந்த பிறகு கேட்டேன். பெரிதாக ஏதோ எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. “பழகுன மாடு கண்ணு. அது போயி அந்த எடத்துக்குப் புதுசு வந்தா, அது ஒதச்சே என் இடுப்ப ஒடிச்சிரும்” என்றார்.

இதைச் சொல்கிற அம்மாவின் தலைக்கு மேலே கொடியில் உப்புக்கண்டம் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் மாட்டுக்கறி இல்லாத மாதம் இருந்ததில்லை. மஞ்சளும் உப்பும் தடவி, நீளமாகக் கிழித்துக் காயவைத்த கறி. மழைக்காலத்தில் கம்பஞ்சோற்றுக்கு அதைச் சுட்டுத் தட்டிப் போட்டால் வேறெதுவும் வேண்டாம். வளர்த்ததைத் தின்பீர்களா என்றும் கேட்டிருக்கிறேன். “நாம் பாத்த மாட்டத் திங்கமாட்டேன். மத்தது கறி” என்றார். அவ்வளவு தெளிவான வரையறையை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆநிரை கவர்ந்து போனவர்கள் கொழுத்த ஆவைக் கொன்று தின்ற செய்தி அகநானூற்றிலேயே இருக்கிறது. அதைப் பாடமாக நடத்தும்போது யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. ஆசிரியர் அறையில் என் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பார்த்துத்தான் பொத்துகிறார்கள். துண்டுக்கு அடியில் விரலைக் கொடுத்து மாட்டைக் கறிக்கு விற்றவரை விவசாயி என்கிறோம். அந்த மாட்டின் கறியைக் காசு கொடுத்து வாங்கித் தின்றவரின் மேல்தான் அழுக்கு ஒட்டுகிறது.

2017ஆம் ஆண்டு ஜனவரியில் மெரினாவில் காங்கயம் காளையின் படம் போட்ட பனியன்கள் நிறைந்திருந்தன. அதே ஆண்டு மே மாதம், சந்தையில் கறிக்காக மாடு விற்கக் கூடாது என்று ஒன்றிய அரசு விதி கொண்டுவந்தது. சில நாட்களிலேயே உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. அந்த வாரங்களில் தொலைக்காட்சி விவாதங்களில் காளை, பண்பாடு, உணவு உரிமை, விவசாயியின் நட்டம் எல்லாம் பேசப்பட்டன. நான் பார்த்த விவாதங்களில் பேசியவர்கள் எல்லோரும் ஆண்கள். பசு என்ற சொல் எத்தனையோ தடவை வந்தது. பருவம், சினை, நஞ்சு, சாணி என்ற சொற்களில் ஒன்றும் வரவில்லை.

சாணியைப் பற்றி ஒன்று. நாளைக்குப் பதினெட்டு மாட்டுச் சாணி. அள்ளி, சுமந்து, ஒரு பங்கு எருக்குழிக்கு, ஒரு பங்கு வறட்டிக்கு. வீட்டு வேலையோடு விறகும் மாட்டுத் தீவனமும் சேகரிக்கிற பெண்ணுக்குத் தேசிய மாதிரி ஆய்வில் 93 என்று ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள். அந்த எண் விழுந்துவிட்டால் அவர் உழைப்பாளர் கணக்கில் வரமாட்டார். பண்ணாடிச்சிக்கு அந்த எண்ணைத்தான் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு ‘விவசாயக் கூலி’. மாட்டோடு வாழ்ந்த இருவரில் ஒருவரும் மாடு வளர்ப்பவராக எந்தத் தாளிலும் இல்லை.

பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயர்மகள் வருகிறாள். மோர் விற்றுத் தானியம் வாங்கிச் சுற்றத்துக்குச் சோறு போடுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன் கொடுத்தால் வாங்கமாட்டேன் என்கிறாள். எருமையும் பசுவும் கன்றுமாக வாங்கிக்கொள்கிறாள். பொன்னைக் கொண்டுபோனால் அது யார் கைக்குப் போகும், மாடாகக் கொண்டுபோனால் யார் கையில் பெருகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நான் மாணவிகளுக்குச் சொல்வேன். உரையில் அப்படி இல்லையே என்று ஒருத்தி கேட்டாள். இல்லைதான்.

2016இல் அம்மா மகளிர் சுய உதவிக் குழுக் கடனில் ஒரு மயிலைக் கிடாரி வாங்கினார். தடுப்பூசி போட வந்தவர்கள் அதன் காதில் பன்னிரண்டு இலக்கம் கொண்ட மஞ்சள் வில்லையைப் பொருத்தி, உரிமையாளர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரை எழுதினார்கள். அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கமாட்டார். ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த எண்ணை ஒருமுறை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வார். எங்களுக்குக் கொறங்காடு கிடையாது. சாலையோரமும் ஓடைக்கரையும் அறுத்துக்கொண்டுவந்து போட வேண்டும். வேலி ஓரத்தில் அறுத்தால் காட்டுக்காரர் சத்தம் போடுவார். அப்படியே நாலு ஈத்து எடுத்தார். பாலைக் கறந்து சங்கத்துக்கு அவரே ஊற்றினார். தன் கையால் முதன்முதலாகப் பால் கறந்தபோது அம்மாவுக்கு அறுபது வயதை ஒட்டி இருக்கும்.

போன ஆண்டு அது நிற்கவில்லை. நாலு முறை ஊசி போட்டாயிற்று. ஆடி பிறந்ததும், கொடுத்துவிடலாம் என்று அம்மாவே சொன்னார். நான் தயங்கினேன், தீனிச் செலவை நான் தருகிறேன் என்றேன். “எத்தன நாளைக்கு? அடுத்தத வாங்க எடம் வேணும்ல?” என்றார். அவர் குரலில் வருத்தம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கணக்கு அவருக்கு மனப்பாடமானது. தரகர் வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு என் தம்பியின் கையைத் தேடினார். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா, “மாடு எம்படது. எங்கிட்டப் பேசுங்க. வெரலெல்லாம் வேண்டாம், வாயில சொல்லுங்க” என்றார். தரகர் சிரித்தார். பிறகு சொன்னார். அம்மா கூடுதலாக ஒரு தொகை சொன்னார். தெருவில் நின்ற எல்லோருக்கும் விலை கேட்டது. அரைமணி நேரத்தில் முடிந்தது. மாடு எங்கே போகிறது என்று தரகரும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. கயிற்றை மட்டும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அன்று நான் கறி எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அம்மா அதற்கு முன்பே தம்பி மனைவியிடம் அதைச் சொல்லிவைத்திருந்தார்.

ஆவணிக் கடைசியில் போனில் கூப்பிட்டார். கண்ணபுரம் தேர்ச் சந்தைக்கு இன்னும் எட்டு மாதம் கிடக்கிறது, அதுவரைக்கும் கட்டுத்தரையை வெறுமனே போட முடியாது என்றார். மழைக்கு முன்னால் வாங்கினால் விலை படிந்து வரும், மழை விழுந்துவிட்டால் ஆளாளுக்கு ஏற்றிவிடுவார்கள். பக்கத்து ஊரில் ஒரு கிடாரி நிற்கிறதாம், சனிக்கிழமை லீவு போட முடியுமா என்று கேட்டார். எனக்கு மாடு பார்க்கத் தெரியாதே அம்மா என்றேன்.

“பல்லு நாம் பாத்துக்கறேன் கண்ணு. நீ வந்து பணத்த எண்ணிக் குடு. அப்படியே உண்ணிக்கு ஒரு மருந்து விக்கறாங்களாம், வரும்போது வாங்கிட்டு வா.”